காற்று ஓய்ந்த பின்: பல நாள் மின்தடையில் வீட்டை நடத்தும் முறை

மதுரைப் பக்கத்தில் மின்சாரம் நின்றவுடன் எல்லா வீடுகளிலும் எழும் முதல் சொல் 'இப்போது வந்துவிடும்' என்பதுதான். பராமரிப்புப் பணிக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் மாலைக்குள் திரும்பிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த நம்பிக்கை இயல்பானதே. ஆனால் பெருங்காற்றுக்குப் பின் அந்த நம்பிக்கைதான் வீட்டைக் கெடுக்கிறது. முதல் இரவே இன்வெர்ட்டரில் மூன்று மின்விசிறிகளையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, மேல்தொட்டித் தண்ணீரை வழக்கம்போல் செலவழித்து, கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் மறுநாள் விடியும்போது விளக்கும் இருக்காது, தண்ணீரும் இருக்காது, லைன்மேனை அழைக்கக் கைப்பேசியில் உயிரும் இருக்காது. ஆகவே காற்று ஓய்ந்த முதல் மணி நேரத்திலேயே, மூன்று நாளைக்கு மின்சாரம் கிடையாது என்று முடிவு செய்துகொண்டு வீட்டை நடத்தத் தொடங்குங்கள். அதற்கு முன்பே வந்துவிட்டால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை.

கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் என்பதால் புயல் நம்மைத் தொடாது என்று நினைப்பவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் மலை வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டுதான் கேரளத்துக்குள் போனது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. மற்ற மாவட்டங்களின் மின் ஊழியர்களெல்லாம் அங்கே அனுப்பப்பட்டார்கள். அதைவிட நமக்கு நெருக்கமானது, பெயர் வைக்கப்படாத கோடைச் சூறைக்காற்று. சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் வெயிலுக்குப் பின் அரை மணி நேரம் அடித்துப் போகும் அந்தக் காற்று, சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் சாலையோரப் புளியமரங்களிலும் செய்கிற சேதத்துக்கு வானிலை அறிக்கையில் பெயர் கிடையாது. ஆனால் கம்பிமேல் விழுந்த மரத்தை அறுத்து அகற்றிப் புதுக் கம்பம் நட ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மின்சாரம் ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்பது புரிந்தால் மனம் பதறாது, புகாரும் சரியாகச் சொல்லலாம். துணைமின் நிலையத்துக்கு வரும் உயரழுத்தப் பாதை முதலில் சீராக வேண்டும். அடுத்து அங்கிருந்து புறப்படும் 11,000 அல்லது 22,000 வோல்ட் பீடர் என்னும் மின்பாதை, அதன் பின் தெருமுனை டிரான்ஸ்பார்மர், பின்பு தாழ்வழுத்தக் கம்பிகள், கடைசியாகக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் என்று வேலை மேலிருந்து கீழே இறங்கி வரும். மருத்துவமனைக்கும் குடிநீரேற்று நிலையத்துக்கும் போகும் பீடர்கள் முதலில் கவனிக்கப்படும். ஆகையால் அடுத்த தெருவில் விளக்கெரிவதைப் பார்த்து, நம்மை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தத் தெரு வேறு பீடரிலோ வேறு டிரான்ஸ்பார்மரிலோ இருக்கலாம்.

புகார் சொல்ல, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணும், 1912 என்ற எண்ணும் உள்ளன. அழைப்பதற்கு முன் மூன்று செய்திகளைக் கையில் வைத்திருங்கள்: உங்கள் மின் இணைப்பு எண் (மதுரை மண்டலத்தில் அது 05 என்று தொடங்கும்), அருகிலுள்ள கம்பத்தின் அல்லது டிரான்ஸ்பார்மரின் எண், தடை உங்கள் வீட்டில் மட்டுமா தெரு முழுவதுமா என்ற விவரம். அறுந்து கிடக்கும் கம்பியைப் பற்றிய புகாரானால், எந்தக் கடைக்கு எதிரில், எந்தக் கோவிலுக்குப் பின்னால் என்று இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். தெருவில் ஒருவர் பொறுப்பேற்றுப் பேசினால் போதும். ஐம்பது பேர் ஒரே செய்தியைச் சொல்ல அழைத்தால், கம்பி அறுந்து கிடக்கிறது என்று சொல்ல வேண்டியவருக்கு இணைப்பு கிடைக்காது.

வாசலைத் தாண்டும் முன்

புயல் நாளில் வீட்டுக்குள் பத்திரமாக இருந்தவர்கள், மறுநாள் காலையில் சேதத்தைப் பார்க்க வெளியே வந்து உயிரிழப்பதுதான் இந்தக் காலத்தின் பெருங்கொடுமை. இந்த ஒரு பகுதியை மட்டுமாவது வீட்டிலுள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும், விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகும் பெரியவர்களுக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊரே இருண்டு கிடக்கிறது, ஆகவே கம்பியில் மின்சாரம் இருக்காது என்ற எண்ணம் தவறானது. பீடரைச் சோதிப்பதற்காக ஊழியர்கள் எந்த நொடியிலும் மின்சாரத்தைத் திறந்துவிடலாம். எங்கோ ஒரு வீட்டில் தவறாக இணைத்த ஜெனரேட்டரிலிருந்தும் அது வரலாம். அறுந்த கம்பியிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் விலகி நில்லுங்கள். அது தேங்கிய தண்ணீரில் கிடந்தால், அந்தத் தண்ணீர் முழுவதையும் கம்பியாகவே எண்ணிக்கொள்ளுங்கள். தெரியாமல் அருகில் போய்விட்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்தபடியே பின்வாங்குங்கள். ஈர மண்ணில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே மின்னழுத்தம் மாறுவதால், அகலக் கால் வைத்து ஓடுபவரின் உடல் வழியாகவே மின்சாரம் பாய்ந்துவிடும்.

கம்பி கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. கண்ணில் படாதது துணி காயப்போடும் கொடிக்கம்பி. சர்வீஸ் ஒயரைத் தாங்கும் இரும்புக் குழாயில் ஒரு முனையும், வேப்பமரத்தில் மறுமுனையுமாகக் கட்டப்பட்ட கொடிகள் நம் ஊரில் ஏராளம். காற்றில் உரசி ஒயரின் மேலுறை கிழிந்திருந்தால், மழை நனைத்த அந்தக் கொடியில் ஈரத் துணியைப் போடுகிறவர் அங்கேயே விழுந்துவிடுவார். கொடிக்குச் சணல் அல்லது நைலான் கயிறே போதும். கம்பி கட்டியிருந்தால் காற்றுக் காலத்துக்கு முன்பே அவிழ்த்துவிடுங்கள். மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஒருவர் வீட்டுக்குள் மின்சாரம் தாக்கி விழுந்து கிடந்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தெருக்கம்பியில் சிக்கியிருந்தால், உலர்ந்த கட்டையால் தள்ளிவிடலாம் என்று முயலாதீர்கள், உயரழுத்தத்துக்கு அந்தக் கட்டை தடையாகாது. விலகி நின்று 112-ஐ அழையுங்கள்.

வெளியே பார்த்த பின் வீட்டுக்குள் வந்து குளிர்பதனப் பெட்டி, மோட்டார், ஏசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் வந்தது தெரிவதற்காக ஒரே ஒரு குண்டு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டு வையுங்கள். வெள்ளம் வாசற்படியை நெருங்கினால், தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே மெயினை நிறுத்திவிட வேண்டும்; 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறியது என்று கண்டவர்களுக்கு இதன் அவசரம் தெரியும். தண்ணீர் புகுந்த பின் அதில் நின்றுகொண்டு மீட்டர் பெட்டியைத் தொடக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

மின்சாரம் இல்லாத நாட்களில் விளக்கைவிடத் தண்ணீரே பெரிய கவலை. போர்வெல் மோட்டார் ஓடாது. மாநகராட்சிக் குழாயில் வரும் வைகைத் தண்ணீரும் மின்மோட்டார்களால் ஏற்றி அனுப்பப்படுவதுதான். நான்கு பேர் உள்ள வீட்டில் 500 லிட்டர் தொட்டி நிறைந்திருப்பதாகக் கொள்வோம். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்டமிடல் அளவு. அந்தக் கணக்கில் செலவழித்தால் அந்தத் தொட்டி ஒரு நாளைக்குக்கூடப் போதாது. ஆளுக்கு 30 லிட்டர் என்று கட்டுப்படுத்தினால் அதே தொட்டி நான்கு நாள் தாங்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம், மூன்று நாளுக்கு 60 லிட்டரை முதல் வேலையாகக் குடங்களிலும் பாத்திரங்களிலும் பிடித்து மூடித் தனியே வைத்துவிடுங்கள். அது தொடக் கூடாத தண்ணீர்.

கட்டுப்படுத்துவதற்குச் சிறந்த வழி, தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு, காலையிலும் மாலையிலும் ஒரு முறை திறந்து வாளிகளில் பிடித்துக்கொள்வதுதான். நாகமலைப் புதுக்கோட்டையில் நாங்கள் இருந்தபோது ஒரு கோடைக் காற்றுக்குப் பின் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போனது. வால்வை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இரண்டாம் நாள் மதியம்தான். அதற்குள் தொட்டியின் அடிமட்டத்தில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறவரையில் யாருக்கும் சிக்கனம் வருவதில்லை, வாளியில் மிச்சம் கண்ணுக்குத் தெரியும்போதுதான் கை தானாகக் குறைகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடர்ந்தால் மாடிக் குழாயின் கீழ் அண்டாவை வைத்துப் பிடிக்கும் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் போதுமானது. தெருவில் அடிகுழாய் எங்கே இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்பதைக் காற்றுக் காலத்துக்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது.

ஆர்.ஓ. இயந்திரம் மின்சாரமின்றி ஓடாது. கொதிக்க வைப்பதே நம்பகமான வழி; தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் விட்டால் கிருமிகள் மடிந்துவிடும். வெள்ளம் கலந்த கிணற்று நீரையோ லாரி நீரையோ பெரிய தொட்டியில் நிரப்ப நேர்ந்தால், நல்ல பிளீச்சிங் பவுடரை 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் வீதம் சிறிது நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். கலங்கல் நீரை முதலில் தெளியவைத்து வடிகட்டிக்கொள்ளாவிட்டால் பவுடர் வேலை செய்யாது. பிடித்து வைத்த பாத்திரங்கள் அனைத்தையும் துணியால் வாய்கட்டி வையுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையை விட இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இன்வெர்ட்டரும் கைப்பேசியும்

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம். பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட்-மணி வரும். ஆனால் ஈய அமில மின்கலத்தை அடிவரை வற்றவிடக் கூடாது, மாற்றும்போது இழப்பும் உண்டு. ஆகவே சுமார் 1,000 வாட்-மணிதான் நம் கைக்கு வரும் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. பழைய வகை மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். அத்தகைய மூன்று விசிறிகளும் சில விளக்குகளும் ஓடினால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். 30 வாட் எடுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறி ஒன்றையும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றையும் மட்டும் போட்டால் இருபத்தைந்து மணி நேரம் வரும். இரவில் எட்டு மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் மூன்று இரவுகள் கடந்துவிடலாம். எல்லோரும் ஒரே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். பகலில் இன்வெர்ட்டரை நிறுத்தியே வையுங்கள், சும்மா இருக்கும்போதும் அது சிறிது மின்சாரம் குடிக்கும்.

மாடியில் சூரியத் தகடு போட்டவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மின்கலம் இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்பு, வெளியே மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அது பழுதன்று, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக அவ்வாறே அமைக்கப்பட்டிருக்கிறது.

கைப்பேசிக் கோபுரங்களும் மின்கலத்திலும் டீசலிலும்தான் சில மணி நேரம் ஓடுகின்றன. சிக்னல் மெலிந்தால், அதைத் தேடியே கைப்பேசி தன் மின்சாரத்தை இழந்துவிடும். ஆகவே விமானப் பயன்முறையில் வைத்து, குறித்த வேளைகளில் மட்டும் திறந்து பாருங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர்வதுண்டு. வீட்டில் ஒரு கைப்பேசியை மட்டும் உயிரோடு வைத்து மற்றவற்றை அணைத்துவிடலாம். கார் இருந்தால், அதைத் திறந்தவெளியில் நிறுத்தி இயக்கி மின்னேற்றலாம். செய்திக்கு, சிறு செல்லில் ஓடும் வானொலிப் பெட்டியை விஞ்ச ஒன்றுமில்லை. மதுரை வானொலியும் 100.5-இல் கோடைப் பண்பலையும் நம் பகுதியில் கேட்கக் கூடியவை. இணையமில்லாத கடையில் கைப்பேசிப் பணம் செல்லாது என்பதால், நூறும் ஐம்பதுமாகச் சில்லறை நோட்டுகள் வீட்டில் இருக்கட்டும்.

அடுப்படி

குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆகவே முதல் நாளிலேயே எதை எப்போது சமைப்பது என்று திட்டமிட்டு, ஒரே முறை திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். மீனும் கறியும் முதல் வேளைக்கே. வெயில் நன்றாக இருக்கும் காலத்தில் உப்புக்கண்டம் போடலாம். மூடிய வானத்தில் அதை நம்ப வேண்டாம். பாலை உடனே காய்ச்சி, மிஞ்சியதை அன்றே உறையூற்றிவிடுங்கள். மறுநாள் அது மோராகப் பயன்படும்.

இட்லி மாவுதான் எல்லா வீட்டிலும் கேள்வி. மாவுப் பாத்திரத்தை அகன்ற தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றி, சன்னலோரத்தில் வைத்தால் புளிப்பு ஏறுவது தாமதப்படும். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் காலை தோசை, மாலையில் வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கிப் போட்ட பணியாரம் என்று தீர்த்துவிடலாம். கிரைண்டரும் மிக்சியும் இல்லாததால் புதிதாக அரைக்க நினைக்க வேண்டாம். ரவை உப்புமா, வெண்பொங்கல், புளிசாதம், கம்பங்கூழ் போன்றவை போதும். வீட்டில் அம்மி இருந்தால் துவையலும் கிடைக்கும். தேங்காய்ச் சட்டினியை மட்டும் அந்தந்த வேளைக்கே அரைக்க வேண்டும், அதுதான் முதலில் கெடுவது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் முன்னோர் குளிர்பதனப் பெட்டி இல்லாமல் வாழ்ந்த காலத்தின் பழக்கம். அது இன்றும் பிழையின்றி வேலை செய்கிறது. முகர்ந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். நாற்றமே இல்லாமலும் கறி கெட்டிருக்கும் என்பதால், பல மணி நேரம் வெப்பத்தில் இருந்ததை முகர்ந்தும் சோதிக்க வேண்டாம்.

மருந்தும் நோயாளியும்

இன்சுலின் போடுபவர் உள்ள வீட்டில் மின்தடை வந்தால் எல்லோரும் கலங்கிப் போகிறார்கள். அவ்வளவு கலங்க வேண்டியதில்லை. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் வரை கெடாது. உறையிலுள்ள குறிப்பில் சரியான நாட்கணக்கு இருக்கும். பிரிக்காமல் சேமித்து வைத்தவற்றுக்கு என் தாயார் கையாண்ட முறை, வாயகன்ற மண்சட்டியில் ஆற்று மணலை நிரப்பி நனைத்து, நடுவில் சிறு மண்குடுவையைப் பதித்து, மருந்தை நெகிழிப் பையில் நீர்புகாமல் கட்டி அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடுவதாகும். நீர் ஆவியாகும்போது குடுவை குளிரும் என்பதால் காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த மழை நாளில் அதன் குளிர்ச்சி குறைவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பனிக்கட்டியில் நேராக வைக்காதீர்கள். உறைந்துவிட்ட இன்சுலின் பயனற்றது.

பிராணவாயுச் செறிவூட்டி வைத்திருப்போரின் நிலை வேறு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் இயந்திரம் 300 வாட்டுக்கு மேல் எடுப்பதால் வீட்டு இன்வெர்ட்டர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் பி வகைச் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். அதைக் கையில் வைத்திருக்க முடியாதவர்கள், இருட்டும்வரை காத்திருக்காமல் பகலிலேயே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுவதே நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தங்கள் மையத்தில் ஜெனரேட்டர் உண்டா என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

முதியோருக்குப் புழுக்கமே நோய். ஈரத் துண்டால் உடலைத் துடைத்துவிடுங்கள், மோரோ கஞ்சியோ கேட்காமலே கொடுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம். கொசுவலைக்குள் மெழுகுவர்த்தி கொண்டுபோகாதீர்கள். டார்ச் விளக்கின் மேல் தண்ணீர் நிரப்பிய வெள்ளைப் புட்டியை வைத்தால் அறை முழுவதும் வெளிச்சம் பரவும்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டு விதிகளை மீறவே கூடாது. அது வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி ஓட வேண்டும். போர்ட்டிகோவிலும் மாடிப்படிக்குக் கீழும் வைத்தால் நாற்றமில்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குபவர்களைக் கொன்றுவிடும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினாலும் அதே ஆபத்துதான். அடுத்து, ஜெனரேட்டர் ஒயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அது மீட்டர் வழியாகப் பின்னோக்கிப் போய், டிரான்ஸ்பார்மரில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, உங்களுக்காகவே கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைத் தாக்கும். வீட்டை மின்வாரியக் கம்பியிலிருந்து துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில், வேண்டிய கருவியை நேராக ஜெனரேட்டரிலேயே செருகுங்கள்.

மின்சாரம் திரும்பும் வேளை

குண்டு விளக்கு எரிந்தவுடன் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். புயலுக்குப் பின் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தோ தளர்ந்தோ இருந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கும் அளவில் வந்து தெரு முழுவதும் தொலைக்காட்சிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் எரிந்துபோகும். விளக்கு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தாலும், மங்கி மங்கி எரிந்தாலும், உடனே மெயினை நிறுத்திவிட்டு அண்டை வீடுகளுக்கும் சொல்லி, புகார் கொடுங்கள். சீராக எரிந்தால் பத்து நிமிடம் காத்திருந்து, முதலில் ஒரு மின்விசிறி, பின்பு இன்வெர்ட்டர், அதன் பின் குளிர்பதனப் பெட்டி, கடைசியாக மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். மும்முனை மோட்டாரானால் மூன்று ஃபேஸும் வந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது. இரண்டு ஃபேஸில் ஓடினால் சுருள் கருகிவிடும். தண்ணீரில் நனைந்த பிளக் பாயிண்டையும் கருவிகளையும் எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொடாதீர்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் கலங்கல் நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிட்டு, தெளிந்த பிறகு தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, குடங்களையும் நிரப்பி வையுங்கள். பழுது பார்த்த புதுக் கம்பியில் மின்சாரம் மறுபடியும் நிற்பது முதல் இரண்டு நாட்களில் அடிக்கடி நடக்கும்.